சூடப் பங்கு

எங்கள் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கணக்குக் கேட்பது சுலபமான காரியம். திருவிழா முடிந்து மஞ்சள் நீராட்டும் ஆன மறுநாள், வசூல் பொறுப்பில் இருந்தவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அம்மன் முன்னால் வந்து நிற்க வேண்டும். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று எல்லாருக்கும் கேட்கும்படி வாயால் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் தட்டில் ஒரு கட்டிச் சூடம் கொளுத்தி வைப்பார்கள். "இதுல ஒரு மணி என் வீட்டுப் படி ஏறியிருந்தா ஆத்தா என்னைக் கேக்கட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அறைந்து அணைக்க வேண்டும். பிறகு எல்லாரும் பொங்கல் வாங்கிக்கொண்டு லயத்து வீடுகளுக்குப் போய்விடுவோம்.

ஒரு வருஷம் கணேசமூர்த்தி பொறுப்பில் இருந்தார். சூடத்தின் மேல் கையை ஓங்கியவர், ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றார். "இருங்க, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு லயத்தைப் பார்க்க ஓடினார். திரும்பி வந்தபோது தலையில் ஒரு டின் தேங்காய் எண்ணெயும் கக்கத்தில் ஒரு பித்தளை அண்டாவும் இருந்தன. "வீட்டுல கெடந்தது சுத்தமா மறந்தே போச்சு லா" என்றார். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சூடத்தை அணைத்தார். அடுத்த வருஷமும் அவரையே வைத்தோம். அம்மன் முன்னால் ஞாபகம் திரும்புகிற மனுஷன் எல்லாத் தோட்டத்திலும் கிடைப்பதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்தப் பழக்கம்தான் காரணம். சர்க்காரிடமும் இப்படிக் கேட்கலாம் என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ராத்திரியோடு ராத்திரியாகக் கார் ஏறிப் போனார். துரை பங்களா காலியாகக் கிடந்தது. அதில் ஒரு சபையைக் கொண்டுவந்து வைத்தார்கள். 'தோட்டக் குடிகள் ஆலோசனைச் சபை' என்று பெயர். சுவா டவுனைச் சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் அதுதான் சட்டம் செய்கிற இடம். வெள்ளைக்காரன் காலத்தில் எங்களுக்கு வாய் கிடையாது. இப்போது வாய் வந்துவிட்டது என்றும், அது பங்களாவில் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

சபைக்குத் தலைவர் அமிர்தலிங்கம். முன்னே எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கப்பிள்ளையாக, இருந்தவர். வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் எப்படிக் குனிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதே குனிவை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி ஜப்பான் வணக்கமாக ஆக்கிக்கொண்டார். பொருளாளர் நல்லசாமிக் கங்காணி. மற்ற தோட்டங்களிலிருந்தும் சில உறுப்பினர்கள் வருவார்கள். அவர்களுக்குத் தலையாட்டும் வேலை.

தொடக்க விழாவில் அமிர்தலிங்கம் பேசியது எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "தோழர்களே! இந்தச் சபைக்குப் பெரும் அதிகாரங்கள் தரப்பட்டுள்ளன. வரவேற்கும் அதிகாரம், நன்றி கூறும் அதிகாரம், ஆமோதிக்கும் அதிகாரம். இத்தனை அதிகாரத்தையும் எப்படித்தான் பயன்படுத்தித் தீர்க்கப் போகிறோமோ என்று எனக்கு மலைப்பாக இருக்கிறது" என்றார். நாங்கள் கைதட்டினோம். இன்னொரு அதிகாரத்தை அவர்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அது பங்கு எடுக்கும் அதிகாரம்.

எங்கள் தோட்டத்து ஆம்பிளைகளில் பாதிப் பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவார்கள் என்றார்கள். மூன்று மாதம் எப்போதோ போய்விட்டது. போனவர்களின் குடும்பத்துக்கு அரிசியும் துணியும் கொடுப்பதற்காக, ரேஷன் போடும் நாளில் ஒவ்வொரு வீட்டு அரிசியிலிருந்தும் ஒரு பால்டின் அளவு எடுத்துக்கொள்வது என்று சபை சட்டம் செய்தது. 'சயாம் பங்கு' என்று அதற்குப் பெயர். அரிசி என்று சொன்னாலும் பாதி சுண்ணாம்பும் பாதி வண்டுமாகத்தான் இருக்கும். அதிலும் ஒரு பால்டின் போனால் வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரியாது. ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. சயாமில் இருப்பவன் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரன். அவன் வீட்டுக்குத்தானே போகிறது என்று கொடுத்தோம்.

தங்கராஜுவின் பெண்சாதி மயிலம்மாளும் கொடுத்தாள். தங்கராஜு முதல் லோரியில் சயாமுக்குப் போனவன். வீட்டில் மயிலம்மாளும் அவள் நாத்தனார் பஞ்சாலையும் மட்டும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சேலை இருந்தது.

அந்தக் காலத்தில் துணி என்பது கண்ணால் காண முடியாத வஸ்து. ஆம்பிளைகள் ரப்பர் ஷீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பால் எடுக்க மரம் வெட்டப் போனார்கள். பொம்பிளைகள் கோணிச் சாக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். இது சபையின் கண்ணில் பட்டது. உடனே கூடிப் பேசி, 'சாக்கு உடுத்திப் பெரட்டுக்கு வருவது புதிய ஆசியாவுக்கு இழுக்கு' என்று ஒரு சட்டம் போட்டார்கள். துணி கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. துணி இல்லாமல் இருப்பதைத் தடுக்கும் அதிகாரம் மட்டும் எப்படியோ இருந்தது. அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மயிலம்மாள் வந்தால் பஞ்சாலை சாக்கோடு வீட்டுக்குள் இருப்பாள். பஞ்சாலை வந்தால் மயிலம்மாள் இருப்பாள். வேலை செய்தவருக்குத்தான் ரேஷன். ஒரு சேலை, ஒரு பெயர், ஒரு ரேஷன். இரண்டு வயிறு.

இன்னொரு சேலை வந்தால் இரண்டு பேரும் வேலைக்குப் போகலாம், இரண்டு பேரும் சாப்பிடலாம். மயிலம்மாளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு ரேஷன் நாளில், நல்லசாமிக் கங்காணி அவள் அரிசியில் பால்டின்னை விட்டு அள்ளும்போது மெதுவாகக் கேட்டாள்.

"கங்காணியாரே, இது சயாம் போனவங்க வீட்டுக்குத்தானே?"

"ஆமா. பின்ன எனக்கா?"

"எங்க வீட்டுக்காரரும் சயாமுலதான் இருக்காரு."

"தெரியும்மா. தங்கமான மனுசன்."

"அப்ப எனக்காக எங்கிட்டயிருந்தே எடுக்கிறீங்க. சரிதான். எப்பங்க குடுப்பீங்க?"

நல்லசாமி பால்டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தார். "குடுத்துட்டா அது செலவாயிருமில்ல? செலவாயிட்டா ஒனக்குன்னு என்னா இருக்கும்? ஒன் பங்கு பத்திரமா இருக்கணும்னுதான் குடுக்காம வச்சிருக்கோம்" என்றார்.

மயிலம்மாளுக்கு இது புரியவில்லை. புரியாததற்குத் தன்னுடைய படிப்பின்மைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். அதனால் தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க. நம்ம கோவில்ல பண்ற மாதிரி ஒரு சூடத்த அணைச்சுச் சொல்லிட்டீங்கன்னா எல்லாருக்கும் மனசு தெளிஞ்சிரும். அதுக்கப்புறம் வாயே தொறக்க மாட்டேன்."

வரிசையில் நின்ற எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. "ஆமாங்க, சூடம் அணைச்சிருங்க" என்றார்கள். இதில் எதிர்ப்பு என்று ஒன்றும் இல்லை. மரியாதை தெரிந்தவர்கள் கேட்கிற மாதிரிதான் கேட்டார்கள். நல்லசாமிக் கங்காணியின் முகம் வெளுத்துவிட்டது. சபையில் கலந்துதான் சொல்ல முடியும் என்றார்.

சபை கலந்தது. பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலம்மாள் பங்களா வாசலில் போய் நின்றாள். சயாம் வீட்டுப் பொம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார்கள். பிறகு நாங்களும் போய் நின்றோம். சத்தம் போடவில்லை, கல் எடுக்கவில்லை. உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்த்தால், "சூடம்" என்று மட்டும் சொன்னோம். அடுத்த ஞாயிறும் போனோம். கூட்டம் பெருகிற்று. அமிர்தலிங்கம் பின் கதவு வழியாக வந்து போகத் தொடங்கினார். ஜெயித்துவிடுவோம் என்றுகூட எங்களுக்குத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த வாரம்தான் நாங்கள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தோம்.

மூன்றாவது ஞாயிறு, செரம்பானிலிருந்து ஜப்பான் அதிகாரி வந்து இறங்கினார். இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டார். அமிர்தலிங்கம் ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போய்க் கற்றிருந்தார். அங்கே வணக்கம், நன்றி, மகிழ்ச்சி, பணிகிறோம் என்கிற நான்கு வார்த்தைகளைத்தான் முக்கியமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். புகார் என்பதற்கு என்ன வார்த்தை என்று அவர் கேட்டதுமில்லை, அவர்கள் சொன்னதுமில்லை. ஆகவே அவர் இடுப்பு முறியக் குனிந்து, நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்.

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. இதைப் போல நன்றியுள்ள ஜனங்களைத் தான் பார்த்ததில்லை என்றார். இனி ஞாயிறுதோறும் எல்லாரும் தவறாமல் வந்து இப்படியே நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சபை அன்று மாலையே அதைச் சட்டமாக்கியது. வராத ஆளுக்கு ரேஷனில் பாதி வெட்டு.

இப்படியாக நாங்கள் சபையை எதிர்த்து நிற்பது கட்டாயமாக்கப்பட்டது. வெயிலில் நின்றோம், மழையில் நின்றோம். ஆள் மேய்க்கும் மண்டோர் ஒருவன் வந்து வரிசையை நேராக்கிவிட்டுப் போவான். வீட்டுக்கு வீடு எல்லாரும் வந்தாக வேண்டும். சேலை கட்டிய மயிலம்மாள் நின்றாள். சாக்கு கட்டிய பஞ்சாலை வர முடியாது, வந்தால் அது வேறு சட்டத்துக்கு விரோதம். அவள் வராததற்காக அந்த வீட்டின் ஒரே ரேஷனில் வெட்டு விழுந்தது. கணக்குக் கேட்கப் போனதில் மயிலம்மாள் வீட்டுக்கு முதலில் கிடைத்த பலன் அது.

"நீங்க ஏன் அண்ணி வாயக் குடுத்தீங்க?" என்று பஞ்சாலை சாக்கைப் போர்த்திக்கொண்டு அழுதாள்.

ஆனாலும் நிற்கிற இடத்தில் "சூடம், சூடம்" என்று சொல்வதை மயிலம்மாள் நிறுத்தவில்லை. ஒரு நாள் அதிகாரி அதைக் கவனித்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அமிர்தலிங்கத்துக்கு வார்த்தை தெரியாததால், கோவிலிலிருந்து ஒரு காலிச் சூடப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் காட்டினார். அதன் மூடியில் மலையும் பூமரமும் போட்டு, ஜப்பான் எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. சண்டைக்கு முன்னால் எங்களுக்குச் சூடம் வந்ததே அவர்கள் சீமையிலிருந்துதானாம். இந்த ஏழை ஜனங்கள் சோறு கேட்கவில்லை, துணி கேட்கவில்லை, ஜப்பான் நாட்டுப் பொருள் வேண்டும் என்று வாராவாரம் கேட்கிறார்களே என்று அதிகாரி உருகினார். அடுத்த ஜப்பான் பெருநாளன்று தன் முன்னிலையில் அந்தச் சடங்கைச் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சபைக்குப் பேதி கண்டது. ஜப்பான்காரனை ஏமாற்றலாம், ஜனங்களை ஏமாற்றலாம். மாரியம்மனை என்ன செய்வது? பங்களாவில் பெருக்குகிற வேலைக்குப் போய்வந்த எங்கள் லயத்து வள்ளியம்மா, அன்றைய அவசரக் கூட்டத்தில் நடந்ததை அப்படியே வந்து சொன்னாள்.

யார் அணைப்பது என்று பேச்சு வந்தது. பொருளாளர்தானே அணைக்க வேண்டும் என்றார்கள். நல்லசாமிக் கங்காணி எழுந்து, "அணைக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல. உள்ளங்கையில ஆணி இருக்கு. நெருப்பு பட்டா சத்தியம் சரியாப் படியாது" என்றார். இன்னொரு உறுப்பினர், பெண்சாதி முழுகாமல் இருப்பதால் சத்தியம், சாவு இரண்டுக்கும் போவதில்லை என்றார். தலைவரைப் பார்த்தார்கள். அமிர்தலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பயமில்லை. ஆனால் நான் சைவன். இந்த மாரியம்மன் கிடா வாங்குகிற அம்மன். அவளுடைய அதிகார எல்லைக்குள் நான் வரமாட்டேன். எல்லைக்கு வெளியே உள்ளவன் செய்யும் சத்தியம் செல்லாது. செல்லாத சத்தியத்தைச் செய்து மக்களை ஏமாற்ற என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை" என்றார். மனச்சாட்சி என்ற சொல் அந்தப் பங்களாவில் ஒலித்தது அன்றுதான் முதல் தடவை என்று வள்ளியம்மா சொன்னாள்.

யார் அணைப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சண்டையில் அற்றுப்போன சூடத்தைத் தேடுவோம் என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு குழு. குழு ஊர் ஊராகப் போக வேண்டும், போகிற வழியில் சாப்பிட வேண்டும். ஆகவே ரேஷன் அரிசியில் இன்னொரு பால்டின் எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டார்கள். அதற்குப் பெயர் 'சூடப் பங்கு'. அரிசி எங்கே போனது என்று கேட்டதற்காக எங்களிடமிருந்து மறுபடியும் அரிசி எடுத்தார்கள். எடுக்கும்போது நல்லசாமிக் கங்காணி, "நீங்கதானே கேட்டீங்க?" என்றார். அதுவும் உண்மைதான்.

குழு நீலாய்க்குப் போயிற்று, அம்பாங்கானுக்குப் போயிற்று, செரம்பான் பாசாரைச் சல்லடை போட்டது. போனவர்கள் எல்லாரும் கன்னம் கொஞ்சம் பூசினாற்போலத் திரும்பி வந்தார்கள். கடைசியில் ஒரு சீனத் தௌகே கடையில் மருந்துக்கென்று வைத்திருந்த ஒரு கட்டிச் சூடம் கிடைத்துவிட்டது. அதை வெற்றிலையில் சுருட்டி, வெள்ளைத் துணியில் முடிந்து, ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். அந்த வெள்ளைத் துணி பஞ்சாலைக்கு ஒரு ரவிக்கைக்கு ஆகும்.

பெருநாளைக்கு இரண்டு நாள் முன்பு, சூடம் அசல்தானா என்று சோதிக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கிளப்பினார். சர்க்கார் காரியத்தில் சோதிக்காமல் எதையும் ஏற்க முடியாது அல்லவா? கொளுத்திப் பார்த்தார்கள். நன்றாக எரிகிறது, மணம் திருப்தி, கரி தங்கவில்லை என்று குழு ஒருமனதாக அறிக்கை கொடுத்தது. சூடம் இல்லை. மறுபடியும் பால்டின், மறுபடியும் பயணம். பெருநாள் தள்ளிப்போகாது என்பதால் குழு லோரி பிடித்து, அதே தௌகே முதலாளியிடம் போய்க் கெஞ்சி, நகத்தளவு ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வந்தது.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டுதான் அமிர்தலிங்கத்துக்கு அந்த யோசனை வந்தது. மனுஷன் சும்மா பெரிய கிராணி ஆகவில்லை.

மயிலம்மாளைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடி விழப்போகிறது என்று நினைத்துப் போனாள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை, நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன்னைப் போன்ற விழிப்புள்ள குடிமக்கள்தான் சபைக்குத் தேவை. பெருநாள் ஒரு நாளைக்கு உன்னை இந்தச் சபையின் உறுப்பினர் ஆக்கியிருக்கிறோம். சூடத்தை நீயே அணைக்கலாம்" என்றார் அமிர்தலிங்கம்.

"நானா? அரிசிய நான் எடுக்கலையே சாமி."

"அதனால்தான். எடுக்காத கைதான் சுத்தமான கை. இந்தச் சபையில் அப்படி ஒரு கையை நாங்கள் எங்கே போய்த் தேடுவோம்?"

இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு பச்சைச் சேலை, அரக்குக் கரை போட்டது. மடிப்புக்கூடக் கலையாத புதுச் சேலை. உறுப்பினராக இருப்பவர் அதற்குத் தகுந்த மாதிரி உடுத்த வேண்டும் என்றார். சயாம் பங்கில்தான் வாங்கினோம் என்றார்.

மயிலம்மாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புதுத் துணியின் வாசனையையே அவள் மறந்திருந்தாள்.

"அம்மன் முன்னால் நீ சொல்ல வேண்டியது இதுதான். 'சயாம் பங்கு அரிசியிலிருந்து சயாம் குடும்பத்துக்குத் துணி வாங்கினார்கள். அந்தத் துணியை நான் உடுத்தியிருக்கிறேன்.' இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் சொல்லு, மாற்றிவிடுகிறேன்" என்றார் அமிர்தலிங்கம்.

அவள் இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "மிச்ச அரிசி?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய் அரிசி ஸ்டோர் கதவைக் காட்டினார்கள். பெரிய பூட்டு தொங்கியது. "நல்லாப் பாத்துக்க, எம்புட்டு கெட்டிப் பூட்டு!" என்றார் நல்லசாமிக் கங்காணி.

பெருநாளன்று அம்மன் கோவில் முன்னால் ஜப்பான் கொடி கட்டி, அதிகாரிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மயிலம்மாள் பச்சைச் சேலையில் நின்றாள். கூட்டத்தில், பழைய சேலையை உடுத்திக்கொண்டு பஞ்சாலையும் நின்றாள். சேர்ந்தாற்போல அந்த வீட்டுப் பொம்பிளைகள் இரண்டு பேரையும் வெளியே பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! எங்களுக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

அமிர்தலிங்கம் பேசினார். "உலகத்தில் எந்தச் சபையும் இவ்வளவு வெளிப்படையாக நடந்ததில்லை. எங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஸ்டோரில்கூட ஒன்றுமில்லை" என்றார். நல்லசாமிக் கங்காணி சட்டையைப் பிடித்து இழுத்ததும், "மறைப்பதற்கு என்று பொருள்" எனத் திருத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

சூடத்தைக் கொளுத்தினார்கள். நகத்தளவு என்றாலும் வெளிச்சமாக எரிந்தது. மயிலம்மாள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. எங்களுக்குக் கணேசமூர்த்தி ஞாபகம் வந்தது. கூட்டத்தில் நின்ற கணேசமூர்த்திக்கும் வந்திருக்க வேண்டும், எச்சில் விழுங்கினார்.

"ஸ்டோரத் தொறந்து எல்லாருக்கும் காட்டுங்க. அப்புறம் அணைக்கிறேன்" என்றாள்.

அதிகாரி என்ன என்று கேட்க, உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறாள் என்று அமிர்தலிங்கம் நான்கு வார்த்தைக்குள் சொல்லிச் சமாளித்தார். நல்லசாமிக் கங்காணி அவள் பக்கமாகக் குனிந்தார். முன்வரிசையில் இருந்த எங்களுக்கு அது தெளிவாகக் கேட்டது.

"உறுப்பினரா இருக்க ஒனக்கு இஷ்டமில்லைன்னா யாரும் கட்டாயப்படுத்தல. கட்டியிருக்கிறது சபைச் சேலை. இந்த எடத்துலயே அவுத்து வச்சிட்டுப் போ."

மயிலம்மாள் பஞ்சாலையைப் பார்த்தாள். வீட்டுச் சேலை அவள் உடம்பில் இருந்தது. பிறகு எங்களைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம். சூடம் கரைந்துகொண்டிருந்தது. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் பளீரென்று அறைந்தாள். ஒரு பொறி தெறித்து முந்தானைக் கரையில் விழுந்து பட்டாணியளவு ஓட்டை போட்டது. அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். நாங்களும் தட்ட வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் நல்லசாமிக் கங்காணி லயத்துக்கு வந்தார். உறுப்பினர் பதவி ஒரு நாளைக்குத்தான் என்றும், பொழுது சாய்ந்துவிட்டது என்றும், சேலையை மடித்துக் கொடுக்கும்படியும் சொன்னார். மயிலம்மாள் உள்ளே போய்ச் சாக்கைக் கட்டிக்கொண்டு, சேலையைக் கதவிடுக்கு வழியாக நீட்டினாள். அவர் கரையைத் திருப்பிப் பார்த்து, "சபைச் சொத்துல ஓட்டை போட்டுட்டியே" என்று வருத்தப்பட்டார். அந்த ஓட்டைக்காக அவள் ரேஷனில் ஒரு பால்டின் குறைந்தது.

சேலைகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அன்று அவள் அழுதது வேறு ஒன்றுக்காக. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

"சொன்னப்ப நெசமாத்தான் இருந்துச்சு பஞ்சாலை. இப்ப பொய்யாயிருச்சே. ஆத்தாகிட்ட என்னைப் பொய்க்காரியா ஆக்கிட்டாங்களே. கேட்டா என்னைக் கேக்கட்டும். சயாமுல இருக்கிறவரப் போயிக் கேட்டுறக் கூடாது."

"கேக்க மாட்டா அண்ணி. அவளுக்குத் தெரியாதா?"

"யாரு கண்டா? அவளும் அவங்க கொடிக்குக் கீழதானே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா?"

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்டால், "அம்மன் முன்னாடியே சத்தியம் பண்ணியாச்சே, ஒங்க ஆளுதானே பண்ணுனா?" என்று பதில் வந்தது. சயாம் பங்கும் நிற்கவில்லை, சூடப் பங்கும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிற்பதும் நிற்கவில்லை. செரம்பானிலிருந்து சபைக்குப் பாராட்டு வந்ததாகப் பங்களா வாசலில் வாசித்தார்கள். எல்லாத் தோட்டத்துக்கும் இந்த முறையையே கொண்டுபோகச் சொல்லியிருந்தார்களாம். மயிலம்மாளுக்கு உள்ளங்கைக் கொப்புளம் ஆறிய பிறகும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. மரம் வெட்டும் கத்தியை இடது கையில் பிடித்துப் பழகிக்கொண்டாள்.

சயாமிலிருந்து யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து, மரவள்ளிக் கிழங்கு விற்க மயிலம்மாள் சுவா பாசாருக்குப் போனாள். அங்கே நீலாய்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒருத்தி பக்கத்தில் கிழங்கு போட்டிருந்தாள். அவள் வலது கையில் துணி சுற்றியிருந்தது. அவள் புருஷனும் சயாம். பேச்சுக் கொடுத்ததில், அவர்கள் தோட்டத்திலும் போன வாரம் கணக்கு வெளிப்படையாகக் காட்டப்பட்டது என்று தெரிந்தது.

"பச்சைச் சேலையா?" என்று மயிலம்மாள் கேட்டாள்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "அரக்குக் கரை போட்டது. ஒனக்கெப்படித் தெரியும் அக்கா?"

"முந்தானையில ஓட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அது என்னுது" என்றாள் மயிலம்மாள்.

"எது?" என்றாள் அவள். "கரை முழுக்க ஓட்டையில்ல இருந்துச்சு?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பஞ்சாலை சாக்கைக் கட்டிக்கொண்டு கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். பிறகு, "அப்ப கணக்க ஒழுங்காத்தான் வச்சிருக்காங்க அண்ணி" என்றாள்.

மயிலம்மாள் சிரிக்கவில்லை. நாளைக்குப் பெரட்டுக்கு யார் முறை என்று கேட்டாள். பஞ்சாலையின் முறை. சேலையை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட்டு, சாக்கை வாங்கிக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.